ஈரம் நிற்க வேண்டும்

ஒரு நாகரிகம் தன் நினைவைச் சுவர்களில்தான் எழுதி வைக்கிறது. குகை தொடங்கி கோபுரம் வரை, மனிதன் ஒரு சுவரின் முன் நின்றபோதெல்லாம் தனக்குள் இருந்த ஏதோ ஒன்றை அதில் விட்டுச் சென்றிருக்கிறான்.

ஓவியர் ஸ்ரீராமின் திட்ட அறிக்கை இப்படித்தான் தொடங்கியது. பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்சந்தில் இருந்த ஹபிபுல்லாவின் கிடங்குச் சுவரைப் பொறுத்தவரை இது எழுத்துக்கு எழுத்து உண்மை. நாள் முழுவதும் ஆண்கள் அதன் முன் நின்றார்கள். தங்களுக்குள் இருந்ததை விட்டுச் சென்றார்கள்.

ஹபிபுல்லா மெத்தை வியாபாரி. சுவருக்கு உள்பக்கம் இலவம்பஞ்சு மூட்டைகளும் தைத்து முடித்த மெத்தைகளும் அடுக்கியிருந்தன. வெளியே பட்டது மெல்ல உள்ளே இறங்கியது. கல்யாணச் சீர் மெத்தைக்கென்றே அவர் கடைக்கு வருகிற குடும்பங்கள் உண்டு. போன தை மாதம் திருநின்றவூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளையின் அத்தை சீர்வரிசைக்கு நடுவே குனிந்து மெத்தையை முகர்ந்துவிட்டு, "பொண்ணு வீட்டுல கைக்கொழந்தை ஏதும் இருக்குதா?" என்று கேட்டிருக்கிறாள். பெண்ணின் அப்பா அன்று மாலையே மெத்தையைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கடைவாசலில் இறக்கினார். அதே வண்டியில் திரும்பிப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலாம் என்று ஹபிபுல்லாவுக்கு இருந்தது. இன்னொரு மெத்தை இப்படித் திரும்பி வந்தால் கடையை மூடிவிட வேண்டியதுதான். ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிக்கொண்டிருந்தன.

அவர் முயற்சி செய்யாமல் இல்லை. 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதிப் பார்த்தார். அதுவரை இடம் தெரியாமல் அலைந்தவர்களுக்கு அது வழிகாட்டியாக அமைந்தது. மனைவி ஜுபைதாவின் தம்பி வசீம், கடையில் பஞ்சு அடைப்பவன், வேறொரு யோசனை சொன்னான்.

"மூணு மதத்து சாமிப் பட டைல்ஸையும் வரிசையா பதிச்சிரு மச்சான். ஒருத்தன் கிட்ட வர மாட்டான்."

"வந்துட்டான்னா? எவனாவது குடிச்சிட்டு வந்து அடிச்சிட்டுப் போனான்னா கேஸு அவன் மேலயா போடுவாங்க? எம்மேலடா போடுவாங்க. மத்தவங்க சாமிய இந்த வேலைக்கு நிறுத்திவெச்சான் பாய்னு."

வசீம் பஞ்சு அடைக்கப் போய்விட்டான்.

இந்தச் சமயத்தில்தான் 'காணா முகங்கள்' அறக்கட்டளையிலிருந்து நிவேதிதா சுவர் தேடி வந்தார். வெளியே தெரியாத சமூகங்களைச் சுவரில் கொண்டாடுவது திட்டம். பூந்தமல்லிக்கு, கைத்தொழில் செய்யும் தமிழ் முஸ்லிம் பெண் ஒருத்தியின் முகம் என்று முடிவாகியிருந்தது. ஓவியர் ஸ்ரீராம் மறுநாளே வந்து இறங்கினார். கதர்ச் சட்டை, கையில் தோல்பை. 'சென்னையின் தொழிற்புற விளிம்பில் பிறந்தவர்' என்று அவரைப் பற்றிய குறிப்பு சொல்லும். ஆவடியில் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் பிறந்தவர் என்பதன் இலக்கிய வடிவம் அது. அந்த வீட்டில் மாமரம் இருந்தது.

ஹபிபுல்லாவுக்கு ஓவியத்தில் எதிர்ப்பு இல்லை. ஒரு பெரிய முகம் மேலேயிருந்து முறைத்துக்கொண்டிருந்தால் ஆட்கள் கூச்சப்படுவார்கள் என்று ஜுபைதா சொல்லியிருந்தாள். ஆனால் படித்த பிள்ளையிடம் விஷயத்தைப் பச்சையாக எப்படிச் சொல்வது? அவர் நாகரிகமாகச் சொன்னார்.

"இன்னா வேணா வரைங்க சார். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். ஈரம் நிக்கணும்."

ஸ்ரீராம் ஹபிபுல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நிக்கும் பாய். இந்த உலகத்துல அதான் வத்திக்கிட்டே போகுது."

"இங்க எங்க சார் வத்துது? கொஞ்சம்கூட வத்தல."

"அதான் உங்க பெருமை" என்றார் ஸ்ரீராம்.

அடுத்த வாரம் வந்த அழைப்பிதழின் முகப்பில் 'ஈரம் நிற்க வேண்டும்' என்றும், அதன் கீழே 'பூந்தமல்லிக் கைவினைஞர் ஒருவரின் குரல்' என்றும் அச்சிட்டிருந்தது. ஹபிபுல்லா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாடா வசீமு, நம்ம ஊட்டு மானத்த பத்திரிகையில போட்டுகினு கீறாங்க?"

"ஊருக்கே தெரிஞ்சதுதானே மச்சான். வழவழன்னு நல்ல பேப்பர்ல போட்டுகீறாங்க."

முகம் கிடைப்பதில்தான் சிக்கல் வந்தது. ஸ்ரீராம் முதலில் ஜுபைதாவைக் கேட்டார். மெத்தை ஓரம் தைத்துக்கொண்டிருந்தவள் ஊசியை நிறுத்தினாள்.

"நானா? அந்தச் செவுத்துலயா? அங்க என்னால நிக்க முடியாதுங்க."

'தன் இருப்பைத் தானே மறுக்கும் தலைமுறைகளின் அச்சம்' என்று ஸ்ரீராம் பதிவிட்டார். அதற்கு விருப்பக்குறிகள் நிறைய விழுந்தன.

ஜுபைதாவின் ஒன்றுவிட்ட தங்கை ரைஹானா, துணியில் பூப்பின்னல் போடுகிறவள், படம் எடுத்துக்கொள்வதில் ஆசை உள்ளவள். சுவர் எது என்று கேட்டுக்கொண்டு, "அய்ய" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சந்து முனையில் பூ விற்கும் வனஜா முஸ்லிம் அல்ல. ஆனாலும் அவசரத்துக்கு அவளிடமும் கேட்கப்பட்டது.

"நான் பூ விக்கிறவ அண்ணாத்தே. என் மூஞ்சிய அங்க போட்டீனா ஒரு மொழம் வாங்குவானா எவனாச்சும்?"

அழகுக்கும் விளிம்புக்கும் இடையிலான முரண் பற்றி அன்று ஒரு பதிவு வந்தது. சுவரோரம் வசீம் தூவியிருந்த பிளீச்சிங் பவுடரைப் படமெடுத்து, 'யாரோ போட்டு, யாரோ மிதித்துப்போன கோலம்' என்று இன்னொன்று. ஆவடியில் வளர்ந்த ஒருவருக்குப் பிளீச்சிங் பவுடர் தெரியாமல் இருக்க நியாயமில்லை. நடுவில் இரண்டு வருடம் பெர்லினில் இருந்துவிட்டார்.

திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. முகம் இல்லை. ஸ்ரீராம் கடை வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜுபைதாவுக்கே பாவமாகிவிட்டது.

"யாரோ ஒரு பொம்பள மூஞ்சிதானே வேணும்? உங்க அம்மாவ வரைங்களேன். முறைக்கிற மூஞ்சியா இருந்தா இன்னும் நல்லது. கண்ண மட்டும் பெருசா போடுங்க."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஸ்ரீராம் எழுந்து நின்றுவிட்டார். எல்லாத் தாயும் ஒரே தாய் என்பதை எழுத்தறிவில்லாத ஒரு பெண் தனக்குச் சொல்லிக்கொடுத்ததாக நிவேதிதாவிடம் போனில் சொன்னார். ஜுபைதா பி.காம். படித்தவள்.

சாரமும் பச்சை வலையும் கட்டி வேலை நடந்தவரை சுவர் காய்ந்தே இருந்தது. ஹபிபுல்லா தினமும் காலையில் உள்பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சொரசொரப்பாக, வெதுவெதுப்பாக இருந்தது. அந்த நம்பிக்கையில் ஆவணிக்கு வந்த சீர் மெத்தை ஆர்டர்களை மறுக்காமல் வாங்கிக்கொண்டார். தைத்து முடித்தவற்றை அந்தச் சுவரோரமே அடுக்கினார்.

விழா மாலையில் பின்சந்து முழுவதையும் அடைத்து நாற்காலி போட்டிருந்தார்கள். நிவேதிதா திரையை இழுத்ததும் இரண்டு மாடி உயரத்துக்கு ஸ்ரீராமின் அம்மா கஸ்தூரி வெளிப்பட்டார். தலையில் ரோஜா நிற முக்காடு, கையில் மெத்தை ஊசி. கண்கள் ஒவ்வொன்றும் லாரிச் சக்கரம் அளவு. கீழே, 'பூந்தமல்லியின் முகம்.'

முதல் வரிசையில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்த கஸ்தூரி நிமிர்ந்து பார்த்தார்.

"டேய் ஸ்ரீ, இது நான்தானே?"

"ஒரு வகையில நீ இல்லம்மா. நீ இங்க ஒரு சமூகம்."

"அந்த மூக்குத்தி என்னுது. முக்காடு எதுக்குடா? குளிர்காலமா?"

பக்கத்தில் இருந்த ஜுபைதா அவர் காதருகே சாய்ந்தாள். "நல்லாகீதும்மா. கண்ணு ஜோரா வந்துகீது."

"எனக்கா கண்ணு இவ்ளோ பெருசு?" என்றார் கஸ்தூரி. ஆனால் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

பேச்சுகள் தொடங்கின. ஒலிபெருக்கியில் ஸ்ரீராம், யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதுதான் நம் காலத்தின் கேள்வி என்றார். ஹபிபுல்லாவின் கேள்வியும் அதுதான். அவர் மேடையைப் பார்க்கவே இல்லை. ஓவியத்தின் அந்தக் கோடியில், நாற்காலிகள் முடிகிற இருட்டில், வசீமோடு நின்று காவல் காத்தார்.

முதலில் ஒரு கண்டக்டர் வந்தார். வழக்கப்படி வேகமாக வந்து, சுவரை நெருங்கி, பையைப் பின்னுக்குத் தள்ளினார். எதேச்சையாக மேலே பார்த்தார். கை அப்படியே நின்றது. சுவருக்கு ஏதோ மன்னிப்புச் சொல்வதுபோல் தலையசைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"பாத்தியாடா!" ஹபிபுல்லா வசீமின் தோளைப் பிடித்து உலுக்கினார். "நின்னுட்ச்சுடா!"

அடுத்து வந்த கல்லூரிப் பையன்கள் இருவர், முகத்தைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். ஒரு ஆட்டோக்காரர் பாதி வழியிலேயே திரும்பினார். ஹபிபுல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கலை என்றால் என்ன என்று அந்தக் கணத்தில் அவரைக் கேட்டிருந்தால் மேடையில் இருந்த யாரையும்விடச் சுருக்கமாகச் சொல்லியிருப்பார். மேடைக்குப் போய் அந்தப் பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்தலாம் என்று வசீமைத் துண்டு எடுத்துவர அனுப்பினார்.

மேடையில் பேச்சு முடிகிற வழியாக இல்லை. முதல் வரிசையில் கஸ்தூரிக்கு மறுபக்கத்தில் இருந்த நாற்காலி காலியாகியிருந்தது.

துண்டோடு திரும்பி வந்த வசீம் சற்று தூரத்திலேயே நின்றுவிட்டான்.

"மச்சான். அங்க பாரு."

ஓவியத்தின் தாடைக்கு நேர் கீழே ஒரு பெரியவர் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நல்ல செருப்பு. ஒரு கையால் சுவரைத் தாங்கிப் பிடித்திருந்தார். ஹபிபுல்லா ஓடினார்.

"பெரியவரே! பெரியவரே! இன்னா வேலை இது? மேல பாருங்க, ஒரு அம்மா உங்களையே பாத்துகினு கீறாங்க!"

பெரியவர் அவசரப்படவில்லை. தலையை மட்டும் லேசாக உயர்த்திப் பார்த்தார்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவ என்னை அப்படித்தான் பாத்துக்கிட்டு இருக்கா. சுகர் இருக்கு தம்பி. உங்க ஆளுங்க பேச்சை முடிக்க மாட்டேங்கிறாங்க."

அவர் பக்தவத்சலம். ஓவியரின் அப்பா, ஆவடித் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

கௌரவமான மனிதர் ஒருவர் அங்கே நிற்பதைப் பார்த்து, அவருக்குப் பின்னால் மேலும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். அதில் ஒருவர் கழுத்தில் அறக்கட்டளையின் அடையாள அட்டை தொங்கியது.