ஆர்ச்சி க்வில்ட்டியை வடித்த நாள்

எஞ்சினில் எண்ணெய் கசிந்தால் ஆர்ச்சி க்வில்ட்டிக்கு ரத்தம் கசியும். டலூரா ஊரில் இதை யாரும் அதிசயமாகப் பேசியதில்லை. வெள்ளிச் சுரங்கத்தை மூடிய வருடம், நுரையீரல் நிறையத் தூசியோடு வீட்டுக்கு வந்த மனுஷர் தன் பழைய ஸ்டேஷன் வேகன் காரைத் தவிர வேறெதையும் தொடவில்லை. போகப்போக இரண்டும் ஒன்றாகிவிட்டன, அவ்வளவுதான். வால்வு மூடியின் ஓரம் கசிந்தால் மூக்கில் ரத்தம் வரும். எண்ணெய் தேங்கும் அடிச்சட்டியில் கசிந்தால் பாதத்தில். மாதமொருமுறை விமானத்தில் வரும் நர்ஸ், நாடி பார்ப்பதற்கு முன் வண்டியின் எண்ணெய் அளக்கும் குச்சியைத்தான் உருவிப் பார்ப்பாள்.

அவர் மனைவி பெரில் லேசுப்பட்டவள் இல்லை. கணவனை மண்ணுக்குக் கொடுப்பதில்லை என்று முடிவு கட்டியவள். விடிந்ததும் வண்டிக்கடியில் அட்டை விரித்துச் சொட்டு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பாள். காலம் தவறாமல் எண்ணெய் மாற்றினாள், இடுக்கில் கசிவடைக்கும் கேஸ்கெட்டுகளைத் தானே வெட்டிப் போட்டாள், போல்ட்டுகளை மூலைக்கு மூலை மாற்றி அளவாக முடுக்கினாள். ஒரு சுற்று மிஞ்சினால் வீட்டுக்குள் ஆர்ச்சி பல்லைக் கடிப்பார். இப்படியே வருடங்கள் ஓடின. தூசி மட்டும் போகவில்லை. ஈரத்துணியைப் பிழிவதுபோல இருமல் அவரைப் பிழிந்தது. படுக்க முடியாமல் நாற்காலியிலேயே தூங்கினார்.

"போதும் பெரில். அடித்திருகைக் கழட்டி எண்ணெய வடிச்சு விட்டுரு."

"வாய மூடு. புது சீல் வந்திருக்கு."

"எனக்கா, வண்டிக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதானே."

ஒரு கோடையில் எல்லாக் கசிவும் நின்று, எஞ்சினின் மூச்சுக்குழாயில் மட்டும் ஈரம் மிச்சமிருந்தது. பெரிலுக்குப் பொறுக்கவில்லை. ஒரு தக்கையால் அதை அடைத்தாள். உள்ளே கூடுகிற ஆவிக்கு அது ஒன்றுதான் வழி. அடைத்தால் அழுத்தம் சீல்களைப் பிதுக்கிக்கொண்டு வரும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம், அவளுக்கும் தெரியும். ஆசை யாரை விட்டது? வண்டியைக் கிளப்பிய சற்று நேரத்தில் ஆர்ச்சியின் கண்ணிலும் காதிலும் நகக்கண்களிலும் ரத்தம் துளிர்த்தது. ஓடிப்போய்த் தக்கையைப் பிடுங்கினாள். அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"என்னயச் சாக விடாம இருக்க, எம்மூச்சையே அடைக்கிறியே," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள்.

மறுநாள் எஞ்சினை நன்றாகச் சூடாக்கினாள். சூட்டில்தான் முழுசாக வடியும். ஆர்ச்சி சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டார். பெரில் வண்டிக்கடியில் படுத்து, ஒரு கையால் அவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் திருகைத் தளர்த்தினாள்.

"சூடா இருக்கும், கையப் பாத்துக்க," என்றார் ஆர்ச்சி.

வடிந்து முடிய நேரம் பிடித்தது. கணுக்கால் சில்லிட்ட பிறகும் அவள் வெளியே வரவில்லை.

டலூராவில் பழைய எண்ணெயை யாரும் வீணாக்குவதில்லை. கரையான் அரிக்காமலிருக்க வேலிக் கம்பங்களுக்குப் பூசுவார்கள். அடக்கத்துக்கு வந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் டப்பாவில் கொண்டுபோனார்கள். பூசிய கம்பங்கள் குளிர்காலத்திலும் கதகதப்பாக இருக்கின்றன. ஆடுகள் சாய்ந்து தூங்குகின்றன. பெரில் தன் பங்கைத் துணிக்கொடிக் கம்பத்துக்குப் பூசினாள். அக்கம்பக்கத்தைவிட அவள் வீட்டில் துணி சீக்கிரம் காய்கிறது. காய்ந்த பிறகும் அவள் எடுப்பதில்லை, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.