நீளமாக விட்ட கயிறு

மயிலைப் பசு பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. வாயோரம் நுரை. நாலு கால்களும் வெட்டி வெட்டி இழுத்தன. வெண்ணெய் கடைந்த கையோடு பூவாத்தாள் ஓடிவந்து நின்றபோது, அதன் வாயில் சோளக்குருத்து இரண்டு மெல்லப்படாமல் பச்சையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

அறுத்த சோளக்காடு காய்ந்து கிடந்து, போன வாரத்து மழைக்கு மறுபடியும் துளிர்த்திருந்தது. அந்தத் துளிர் மாட்டுக்கு விஷம். அவளுக்குத் தெரியாததல்ல. கல்யாணமாகி வந்த முப்பத்தொரு வருஷத்தில் எத்தனையோ பேருக்கு அவளே சொல்லியிருக்கிறாள்.

புருஷன் அரங்கசாமி மாட்டு டாக்டரிடம் பேசிவிட்டுப் போனை மடியில் செருகினார்.

"பல்லடத்துல இருக்காராம். வர அரை மணி நேரம் ஆவுமாம்." முளைக்குச்சியிலிருந்து பசு கிடந்த இடம்வரை கண்ணாலேயே அளந்தார். "கயிறு எப்படி இவ்வளவு தூரம் எட்டுச்சு? ஏம்புள்ள, நீதானே கட்டுனே?"

"எப்பவும் போலத்தானுங்க கட்டுனேன். மாரியாத்தா காலைல இந்த வழியா ஆடு ஓட்டிட்டுப் போனா. மாடு மறிக்குதுன்னு அவிழ்த்து மாத்திக் கட்டியிருப்பா."

சொல்லி முடித்த பிறகுதான் தன் குரல் அவள் காதிலேயே விழுந்தது. திக்கவில்லை. தடுமாறவில்லை. காலையில் பால் கறந்த கணக்கைச் சொல்வதுபோல அத்தனை இயல்பாக வந்திருந்தது.

கயிற்றை நீளமாக விட்டது அவள்தான். குச்சியைச் சுற்றிப் புல் தீர்ந்துபோயிருந்தது. இன்னும் இரண்டு முழம் விட்டால் வேலியோரப் புல்லை மேயுமே, சோளக்காடு எட்டாது என்று நினைத்தாள். எட்டிவிட்டது. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? மாரியின் பேரை நாக்கில் யார் கொண்டுவந்து வைத்தார்கள்? யாரும் வைக்கவில்லை. அது எப்போதும் அங்கேயே இருந்திருக்கிறது. எடுக்க வேண்டிய நாள் வந்ததும் கை தானாக எடுத்திருக்கிறது.

டாக்டர் பைக்கை நிறுத்திவிட்டு ஊசி மருந்தோடு ஓடிவந்தார். குனிந்து பசுவின் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். மருந்தைப் பிரிக்காமலே பையில் திரும்ப வைத்தார்.

தொழுவத்தில் இருபது நாள் கன்று கத்தியது.

இரண்டரை ஏக்கர். சோளமும் கம்பும் கடலையும் சொந்தக் காட்டில்; பாலும் நெய்யும் மயிலையிடம்; முட்டை கோழிகளிடம். உப்பும் தீப்பெட்டியும் தவிர எதற்கும் அடுத்தவர் வாசலில் நிற்பதில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் அரங்கசாமி சொல்வார். பூவாத்தாளுக்கும் அதில் பெருமைதான்.

சேதி கேட்டு மாரியாத்தாள் வந்தாள். பக்கத்துக் காலனி. பூவாத்தாளின் வயதுதான். எட்டு வெள்ளாடுகளை அறுப்பு முடிந்த இந்தக் காட்டில் மேய்த்துப் பிழைப்பவள்.

"என்னங்க இது, காலைல நல்லா நின்னுட்டிருந்துச்சே."

"மாட்டை மாத்திக் கட்டுனியா மாரி?" என்றார் அரங்கசாமி.

"இல்லீங்களே." யோசித்தாள். "வழியில கயிறு கெடந்துச்சு. ஆட்டுக்குட்டி கால்ல சிக்கும்னு ஒதுக்கித்தான் உட்டனுங்க." சட்டென்று அவள் முகம் மாறியது. "அதுலதான் எட்டிப்போச்சுங்களா?"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். செத்த பசுவின் கழுத்தைத் தடவினாள். "பாவி, என்ன பண்ணிப்போட்டேன்."

பூவாத்தாள், தான் சொன்ன பொய் இன்னொருத்தியின் நெஞ்சுக்குள் போய் உண்மையாக உட்கார்ந்துகொண்டதைக் கண்ணெதிரே பார்த்தாள்.

"நாளையிலிருந்து ஆட்டை வேற பக்கம் ஓட்டிக்கோ," என்றார் அரங்கசாமி. குரலை அவர் உயர்த்தவில்லை. "இந்தக் காட்டுக்குள்ள வேண்டாம்."

மாரியாத்தாள் தலையை ஆட்டினாள். வேறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்கவில்லை.

"மாமா," என்றாள் பூவாத்தாள். "அவ இல்லீங்க. ரெண்டு முழம் சேத்தி உட்டுக் கட்டுனது நாந்தான்."

அரங்கசாமி அவளைப் பார்த்தார். டாக்டர் குனிந்து தன் பைக் சாவியைப் பார்த்தார். பிறகு அரங்கசாமி குழி தோண்ட ஆள் கூப்பிடுவதற்காக ரோட்டுப் பக்கம் நடந்தார்.

மாரியாத்தாள் எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். நிதானமாகத் தட்டினாள்.

"ஏனுங்க அம்மணி, அதுக்கு என்ற பேருதான் கெடைச்சுதுங்களா?"

பூவாத்தாள் குனிந்து, பசுவின் வாயில் தொங்கிய குருத்தை உருவி எறிந்தாள்.

கன்று மறுபடியும் கத்தியது. மாரியாத்தாள் தொழுவத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதுக்கு என்ன குடுப்பீங்க?"

"தெரியல மாரி."

"பாக்கெட் பாலு ஊத்தீராதீங்க, கழிஞ்சே செத்துப்போயிரும். என்ற ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்குது." நடக்கத் தொடங்கியவள் வேலிப் படலருகே நின்றாள். "ஆட்டுப்பாலைக் கொண்டாந்து தரமாட்டேனுங்க. பொழுது சாய, போசியை எடுத்துட்டு நீங்களே எங்கூட்டுக்கு வாங்க."

மோருக்காக மாரியாத்தாள் போசிப் பாத்திரத்தோடு வந்து இந்த வாசலில் நின்ற நாட்களுக்குக் கணக்கில்லை. அவள் வீட்டு வாசல் எந்தத் திசை பார்த்திருக்கும் என்றுகூடப் பூவாத்தாளுக்குத் தெரியாது.

உள்ளே போய்ப் போசியை எடுத்தாள். அதன் அடியில் காலையில் கறந்த மயிலையின் பால் கொஞ்சம் ஒட்டியிருந்தது. கழுவ மனம் வராமல் நின்றாள். கன்றின் குரல் கம்மத் தொடங்கியிருந்தது. தண்ணீரை மொண்டு ஊற்றிக் கழுவிவிட்டு, பொழுது சாயும்வரை காத்திராமல் இறங்கி நடந்தாள்.