டொக்டர் வளவுக் கிணறு

“ஆர் என்னத்தைக் கதைச்சாலும் நீர் அதை எழுதக்கூடாது. ‘பொதுமக்களின் நலன் கருதி’ எண்டு தொடங்கும். மிச்சம் உமக்குத் தெரியும்தானே.”

முருகேசு கண்ணாடிக்கு முன்னால் நின்று சட்டைப் பொத்தானைப் பூட்டியபடி சொன்னார். அவர் பூவரசடி ஒழுங்கை கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர். செயலாளர் அவருடைய மனைவி ஞானாம்பிகை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தவர்; கையெழுத்து அச்சுப் போல இருக்கும். அதற்காகத்தான் அந்தப் பதவி.

“இஞ்சருங்கோ, அங்கை ஆக்கள் சொல்லுறதைத்தானே எழுத வேணும்?”

“பதினொரு வருசமா நான் சொல்லுறதைத்தானே எழுதினனீர்? இண்டைக்கு மட்டும் என்ன புதுசா?”

உண்மைதான். ஒழுங்கை முடிவிலிருக்கும் இடம்பெயர்ந்தோர் முகாம் ஆட்கள் தண்ணீர்க் குழாய் கேட்டபோதும், மலசலகூடம் கேட்டபோதும் ‘பொதுமக்களின் நலன் கருதிப் பிற்போடப்பட்டது’ என்று குறிப்பும் கடிதமும் எழுதியது ஞானாம்பிகையின் கைதான். கணவர் வாசிக்காமலே ஒப்பமிடுவார்.

ஞானாம்பிகை கூட்டக் குறிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். 

லண்டனில் பிள்ளைகளில்லாமல் செத்துப்போன டொக்டர் ஒருவர், தன் பதினாலு பரப்பு வளவை, ஏறக்குறைய ஒரு ஏக்கர் காணியை, ஊருக்கு எழுதி வைத்திருந்தார். அதில் என்ன செய்வது என்று சங்கம் காரணத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். பிரதேச செயலாளர் முடிவு செய்வார். வளவின் நடுவில் ஒரு கிணறு. ஒழுங்கையில் மற்றக் கிணறுகளெல்லாம் உவர். எல்லா வீட்டு உலையிலும் கொதிப்பது இந்தக் கிணற்றுத் தண்ணீர். ஒழுங்கை முடிவில், தொண்ணூறாம் ஆண்டு இடம்பெயர்ந்து வந்த எட்டுக் குடும்பங்கள் இன்னும் அந்த முகாமின் தகரக் கொட்டில்களில் இருக்கின்றன. அவர்களுக்குப் பிரதேச சபைப் பவுசர் வண்டி கொண்டுவருவதுதான் தண்ணீர். இத்தனை வருடத்தில் அவர்களில் ஒருவரும் அந்தக் கிணற்றில் வாளி விட்டதில்லை. விடக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவுமில்லை. எழுதாமலே நடப்பதுதான் எங்கள் ஊர்ச் சட்டம்.

சனசமூக நிலையத்தில் கதிரைகள் நிரம்பியிருந்தன. முகாம் ஆட்கள் வாசலோடு நின்றார்கள். நில் என்று யாரும் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

கிராம அலுவலர் கேதீஸ்வரன் மூன்று யோசனைகளை வாசித்தார்: முன்பள்ளி, பூங்கா, எட்டுக் குடும்பங்களுக்கும் வீடு.

வாசலில் நின்ற தயாளினி முதலில் கதைத்தாள். இடுப்பில் குழந்தை.

“வீட்டுத்திட்டம் எங்கடை பேருக்கு வந்திருக்கு, சேர். சொந்தக் காணி இல்லையெண்டால் மாசக் கடைசியோடை திரும்பிப் போயிடும். நான் அந்தக் கொட்டிலுக்கைதான் பிறந்தனான். இவளும் அங்கைதான் பிறந்தவள். இவளின்ரை பிள்ளையாவது ஒரு வீட்டிலை பிறக்கட்டும்.”

தேவராசா எழும்பினார். பிள்ளைகள் இருவரும் கனடா, மேல்மாடி வீடு, சங்கத்தின் பொருளாளர்.

“வீடு ஆரும் கட்டலாம். எங்கடை சொத்து கல்வி! பள்ளிக்குடம்தான் வேணும்.”

கைதட்டல். நாற்பது கைகள் உயர்ந்தன. முருகேசுவின் முகம் மலர்ந்தது.

“நல்லது,” என்றார் கேதீஸ்வரன். “முன்பள்ளிக்குக் குறைஞ்சது பதினைஞ்சு பிள்ளையள் காட்ட வேணும். உங்கடை ஒழுங்கையிலை எத்தினை?”

எண்ணினார்கள். நாலு. அதில் ஒன்று அடுத்த மாதம் சுவிஸுக்குப் போகிறது.

“எங்கடை முகாமிலை பன்னிரண்டு இருக்கு, சேர்,” என்றாள் தயாளினி.

 கல்வி என்ற சொத்து ஒரு நொடியில் விலை போகாமல் கிடந்தது.

“என்ரை பேரனும் உவையளும் ஒரே குடத்திலை தண்ணி குடிக்கிறதோ?” தேவராசா மெல்லத்தான் சொன்னார், எல்லோருக்கும் கேட்டது. “பள்ளிக்குடம் வேண்டாம். பார்க் போடுவம். எனக்குச் சுகர். ஆஸ்பத்திரி டொக்டர் நடக்கச் சொன்னவர்.”

“உவையின்ரை பிள்ளையள் பார்க்குக்கும் வருங்களே?” யாரோ கேட்டார்கள்.

“மதில் கட்டி, கேற் போட்டுப் பூட்டுவம். திறப்பு சங்கத்திட்டை. வீடு குடுத்தால் நாளைக்கு எங்கடை கிணத்திலை வாளி விடுவினம். பிறகு அந்தத் தண்ணியிலை ஆர் சமைக்கிறது?”

“அதுதானே!” என்றார் முருகேசு.

அதே நாற்பது கைகள் மறுபடி உயர்ந்தன. முருகேசு மனைவி எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தை இழுத்து, வழக்கம்போல் வாசிக்காமல் ஒப்பமிட்டார். “சரி, சேரிட்டைக் குடும்.”

ஞானாம்பிகை கொடுக்கவில்லை. எழுந்து நின்றார்.

“வாசிச்சுக் காட்ட வேணும். அதுதான் முறை.”

வகுப்பில் சொல்வதெழுதுதல் சொல்லும் குரல். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கல்வி, நாலு பிள்ளை, பன்னிரண்டு பிள்ளை, ஒரே குடம், சுகர், பூட்டு. “‘பிறகு அந்தத் தண்ணியிலை ஆர் சமைக்கிறது?’ திரு. தேவராசா. ‘அதுதானே!’ தலைவர்.”

“உந்த எழுத்தை வெட்டும்!” முருகேசு கத்தினார்.

“தலைவர் ஒப்பம் வைச்சாச்சு,” கேதீஸ்வரன் கையை நீட்டினார். “பிழையெண்டால் சொல்லுங்கோ. உதிலை எதை ஆர் சொல்லேல்லை?”

தயாளினி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தேவராசா கைபேசியைத் தடவினார். கேதீஸ்வரன் புத்தகத்தைப் பைக்குள் வைத்தார்.

வெளியே வந்ததும் முருகேசு மனைவியை மறித்தார். “இனி எப்பிடி நான் ஊரிலை தலைகாட்டுறது?”

“சொல்லேக்கை வராத வெக்கம், வாசிக்கேக்கை வருதோ?”

ஞானாம்பிகை நிற்காமல் நடந்தார். வளவடியில் தயாளினியைக் கண்டு கூப்பிட்டார். கிணற்றுக் கயிற்றை எடுத்து நீட்டினார்.

“அள்ளு, பிள்ளை. ஆர் கேக்கினமெண்டு பாப்பம்.”

தயாளினி கயிற்றைத் தொடவில்லை.

“தண்ணிக் குழாய் இல்லையெண்டு வந்த கடிதம் இன்னும் என்னட்டை இருக்கு. உங்கடை கையெழுத்தை எனக்கு நல்லாத் தெரியும், ரீச்சர்.” குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். “நீங்கள் தந்து நான் அள்ள மாட்டன். காணி எங்கடை பேருக்கு வரட்டும். என்ரை கயிறு, என்ரை வாளி. அண்டைக்கு உங்களுக்கு நான் அள்ளித் தாறன். குடிப்பியளோ?”

“ஓம்,” என்றார் ஞானாம்பிகை.

அந்த ஒரு சொல் வருவதற்கு எடுத்த நேரத்தைத் தயாளினி கவனித்துவிட்டாள்.