வீட்டுக்காரர்

பந்தல் போட வந்த வேம்புலி வாசல் சிமென்ட் தரையில் கடப்பாறையை ஊன்றிக்கொண்டு கேட்டான்.

"கொம்பு நட நாலு குழி தோண்டணும்மா. ஊட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கினா நல்லது."

கஸ்தூரி புருஷனின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சு நிற்காமல் அவிழ்ந்துகொண்டே இருந்தது. நிமிராமல் சொன்னாள்.

"இதோ படுத்துகினு கீறாரு. கேளு."

வேம்புலி நெளிந்தான். "ஐய, அவரில்லம்மா. ஊட்டு ஓனரு."

"நான்தான்பா" என்று பக்கத்து வாசலிலிருந்து நாகப்பன் வந்தான். செத்துப்போன உலகநாதனின் கூடப்பிறந்த அண்ணன். அழுது முகம் வீங்கியிருந்தது. "தரைய ஒடைக்காத. தகர டின்னுல மண்ணு ரொப்பி நட்டுக்க."

அந்தத் தரையை உலகநாதன்தான் முட்டிபோட்டு மட்டப்பலகையால் இழைத்தான். ஏழு நாள் அதற்குத் தண்ணீர் ஊற்றியவள் கஸ்தூரி. அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் மாமனார் வாங்கிய மனை அது. மூத்தவன் என்று நாகப்பன் பேரில் எழுதிவிட்டு அவர் போய்ச் சேர்ந்தார். சுவர் எழும்பியது தம்பியின் பழைய கம்பெனிச் சம்பளத்திலும் கஸ்தூரியின் நகையிலும். நடுவில் ஒரு சுவர், ஆளுக்கொரு வாசல். அண்ணன் தம்பிக்குள் பத்திரம் எதற்கு என்று அப்போது எல்லோரும் பெருமையாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

பிறகு உலகநாதனுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்ததும் புத்தி வேலை செய்தது. வாடகைக்குக் குடியிருப்பவனுக்குச் சம்பளத்தோடு வீட்டு வாடகைப்படி உண்டு. வாடகையே கொடுக்காதவனுக்குக் கிடையாது. தம்பி ரசீது எழுதுவான். அண்ணன், வாடகை பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுவான். ரெவின்யூ ஸ்டாம்பைச் சோற்றுப் பருக்கை தேய்த்து ஒட்டுவது கஸ்தூரியின் வேலை. ஒரு பைசா கைமாறியதில்லை. "ஊட்டுக்காரரே, கொழாய்ல தண்ணி வரல, இன்னான்னு பாருங்க" என்று தம்பி கிண்டலடிப்பான். "காலி பண்ணுய்யா ஊட்ட" என்பான் அண்ணன். அண்ணன் பெண்டாட்டி ஜெகதாம்பாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

நேற்று சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கி வந்த உலகநாதன், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்தான். அப்படியே சாய்ந்துவிட்டான்.

குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கக் கஸ்தூரி கொல்லைப்புறம் போனாள். நாகப்பன் பின்னாலேயே வந்தான்.

"பதினாறு முடியட்டும் கஸ்தூரி. அவசரமில்ல. பையனுக்குக் கல்யாணம் வருது. உங்க பக்கம் அவனுக்கு ஓணும்."

"இன்னா மாமா பேசறீங்க? இது அவரு கட்டுன ஊடு."

"வாடகைக்கு இருந்தான்னு அவன் கையாலயே எழுதிக் குட்த்துகீறான். ஆபீஸ்ல கீது. இல்ல, சொந்தம்னு நீ சொல்லு. ஏழு வருசம் கவர்மெண்ட ஏமாத்தினான்னு ஆவும். வரவேண்டிய பணமும் வராது, அவன் வேலையும் உனுக்கு வராது. பொண்ணு ராணிய வச்சிகினு இன்னா பண்ணுவ? யோசிச்சுக்க."

சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினான். அவன் அழுகை பொய்யில்லை. சின்ன வயதில் தம்பியை ரயில்வே கேட் வரை தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன்தான். அதுதான் கஸ்தூரிக்குத் தாங்கவில்லை.

பிணத்துக்கு மாலை போட்ட பிறகு ஆபீஸ் பாஸ்கரன் அவள் பக்கத்தில் குந்தினான். உலகநாதனோடு ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவன். நல்ல மனுஷன்; அதனால்தான் எல்லார் காதிலும் விழும்படி கேட்டான்.

"அண்ணி, அவரு வேலைய உங்களுக்குக் கேட்டு நாளைக்கே எழுதி வைக்கிறேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. சொந்த வீடு இருந்தா பெரிய ஆபீசர் கஷ்டமில்லன்னு தள்ளிடுவாரு. இது வாடகைதானே?"

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்கள். உலகநாதனின் சித்தப்பா, தாய்மாமன், அஸ்திவாரம் தோண்டிய அன்று பொங்கல் சாப்பிட்ட அத்தனை பேரும் இருந்தார்கள்.

"சொல்லும்மா, கேக்கறாரு இல்ல" என்றான் நாகப்பன், பரிவாக.

கஸ்தூரி புருஷனைப் பார்த்தாள். தாடையைக் கட்டிய துணியோடு வாய் இறுகிக் கிடந்தான். நாகப்பன் மேல் வந்த கோபத்தைவிட இவன் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. எழுந்து வந்து நீயே சொல்லுடா பாவி என்று உலுக்க வேண்டும்போல இருந்தது. ராணி அப்பாவின் மாலையில் மொய்த்த ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"வாடகைதான்" என்றாள் கஸ்தூரி.

"மாசாமாசம் கரெக்டா குட்த்துடுவான் என் தம்பி" என்று நாகப்பன் பிணத்தின் காலில் விழுந்து ஓவென்று அழுதான். தாய்மாமன் ஏதோ சொல்ல வாயெடுத்து, வெற்றிலையைத் துப்பப் போனார்.

சாயங்காலம் சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பியபோது வீடு கழுவிவிட்டிருந்தது. உலகநாதனின் தலை இருந்த இடத்தில் கஸ்தூரி அகல் விளக்கு ஏற்றினாள். ஜெகதாம்பாள் வாசற்படியில் நின்று பார்த்தாள். இன்று அவள் உள்ளே வரவில்லை.

"பதினாறு நாளும் எரியணும். எண்ண ஒழுவாம பாத்துக்கடி. சிமென்ட்டுல கறை புடிச்சா போவாது."

கஸ்தூரி உள்ளே போய் அவன் சாப்பிடும் தட்டை எடுத்து வந்து விளக்குக்கு அடியில் வைத்தாள்.

வெளியே வேம்புலி டின்களிலிருந்து கொம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். தலையை மட்டும் உள்ளே நீட்டினான்.

"பந்தலப் பிரிச்சிட்டேம்மா. கூலி வாங்கிகினு போணும். ஊட்டுக்காரர் கீறாரா?"

கஸ்தூரி பக்கத்து வாசலைக் காட்டினாள்.