டோக்கன்காரி வீட்டுத் தாழ்வாரம்

பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் பெண்ணின் வீட்டுத் தாழ்வாரம், அவள் பாதயாத்திரைக்குப் பயிற்சி எடுக்கத் தொடங்கிய பிறகு ஏறக்குறைய ஒரு மைல் நீளமாகிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் வீடு பழைய அளவில்தான் இருந்தது. பக்கத்து வீட்டுச் சுவரும் நகரவில்லை. முதலில் கவனித்தவர் கேஸ் சிலிண்டர் போடுகிறவர். சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசலிலிருந்து கிளம்பியவர், சமையலறை வந்து சேர்வதற்குள் இரண்டு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். அடுத்த முறை தள்ளுவண்டி கொண்டுவந்தார்.

தெருவில் நடந்து பழகத்தான் அவள் முதலில் பார்த்தாள். ஆனால் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் என்றைக்கோ அவளிடம் டோக்கன் வாங்கியவர்கள். நலம் விசாரிப்பதற்கு முன்பே வாயை ஆவென்று திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டினார்கள். தெருமுனை வரை போய்த் திரும்புவதற்குள் காலையின் பாதி போய்விடும். அதனால்தான் வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த தாழ்வாரத்திலேயே நடக்க ஆரம்பித்தாள். யாத்திரைக் குழுவை நடத்திய ஓய்வுபெற்ற டிரில் டீச்சர், முதுகில் சுமையோடு நடந்து பழகச் சொல்லியிருந்தார். பையில் போட யாத்திரைச் சாமான் எதுவும் இன்னும் வாங்காததால், கைக்கு அகப்பட்டதை எல்லாம் போட்டுக்கொண்டாள்: லிஃப்ட் மெக்கானிக்கான கணவனின் ஸ்பானர்கள், மாமியாரின் வெந்நீர்ப் பை, இஸ்திரிப் பெட்டி. வீட்டில் எது தேவையென்றாலும் அது அவள் முதுகில்தான் இருந்தது.

என்ன வேண்டுதல் என்று கேட்டவர்களிடம், நடக்கணும்னு தோணிச்சு என்று மட்டும் சொன்னாள். கிளினிக்கில் நாள் முழுக்க, எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று கேட்பார்கள். வீட்டில், அது எங்கே, இது எங்கே. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குள் எழுந்த எந்த நினைப்பும் கடைசி வார்த்தைவரை போனதில்லை. பாதியில் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். ஒரே ஒரு நினைப்பையாவது முழுசாக நினைத்துப் பார்க்க வேண்டும், அது எங்கே போய் முடிகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மலைமேல் இருக்கும் சாமியிடம் இதை வேண்டுதல் என்று சொல்லலாமா என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

தாழ்வாரம் ஏன் நீள்கிறது என்பதைக் கண்டுபிடித்தது மாமியார்தான். சமையலறைக்கும் வாசலுக்கும் ஒரே மூச்சில் போக முடியாமல் நடுவழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவருக்குத் தரையைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. "நீ நடக்கிறதால நீளலடி. அவன் கூப்பிட்டதும் திரும்பிப் போற பாரு, அப்பத்தான் வாசல் பக்கம் தரையில ஒரு வரிசை ஓடு முளைக்குது" என்றார். அவள் நம்பவில்லை. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து கணவன், ஏம்மா, கத்திரிக்கோல் எங்கே என்றான். திரும்பினாள். வாசலருகே ஒரு வரிசை ஓடு முளைத்தது. புதுசுகூட இல்லை, பல வருஷம் மிதிபட்டது போலத் தேய்ந்த ஓடு.

கிளம்பும் நாளுக்கு முன் பையைக் காலி செய்து, மாற்றுத்துணி, போர்வை, கொப்புளத்துக்கு ஊசிநூல், பாதத்துக்குத் தடவும் களிம்பு என்று அடுக்கினாள். லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது பிடிக்கிற பெரிய டார்ச்சைக் கணவன் அதில் வைத்தான். எடுத்து வெளியே வைத்தாள். சற்று நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடி உள்ளே இருந்தது. இப்படி நாலைந்து தடவை நடந்தது. அவளை அனுப்பப் பயமாயிருக்கிறது என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. டார்ச்சைத்தான் வைக்கத் தெரிந்தது.

கிளம்பும் நாள் காலையில் டிரில் டீச்சர் தெருமுனையில் கால்மணி நேரம் விசில் ஊதுவார், விசில் நிற்பதற்குள் வந்து நிற்பவர்கள்தான் யாத்திரைக்கு, மற்றவர்களுக்கு அடுத்த வருஷம் என்பது குழுவின் சட்டம். அவளும் விடிந்ததுமே பையை மாட்டிவிட்டாள். ஆனால் சோப்பு, பால் பாத்திரம், ஜன்னல் கொக்கி என்று கணவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஒவ்வொன்றுக்கும் திரும்பினாள். வாசல் தூரத்தில் தபால்தலை அளவுக்குச் சிறுத்துப்போயிற்று. மாமியாரின் நாற்காலியைத் தாண்டும்போது விசில் கேட்கத் தொடங்கியது. அதோடு சேர்ந்து, ஏம்மா, என் நீலச் சட்டை எங்கே என்ற குரலும் வந்தது. அவளுடைய கழுத்து தானாகப் பாதி திரும்பியது. இது அன்பும் இல்லை, பயமும் இல்லை, கழுத்துக்கு வந்த பழக்கம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"போடி" என்றார் மாமியார். "சட்டை அவன் உடம்புலதான் இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே நடந்தாள். பின்னால் குரல் இன்னும் இரண்டு முறை கேட்டது; பிறகு சட்டையைக் குனிந்து பார்த்திருக்க வேண்டும், நின்றுபோயிற்று. வாசல், எந்த வீட்டு வாசலும் நெருங்குவது போலவே நெருங்கியது. விசில் நின்றபோது அவள் வரிசையில் கடைசி ஆளாக நின்றிருந்தாள்.

யாத்திரை பற்றிச் சொல்ல அதிகமில்லை. மற்றவர்கள் கொப்புளத்தோடு மல்லுக்கட்டியபோது அவள் வீட்டுக்குள் நடப்பது போல நடந்தாள். ஒரு ஆற்றுப் பாலத்தின்மேல் தொடங்கிய நினைப்பு மூன்றாவது ஊரைத் தாண்டித்தான் முடிந்தது. அது என்ன என்று யாரிடமும் அவள் சொன்னதில்லை.

பல வாரம் கழித்து, ஒரு சாயங்காலம் வீடு திரும்பினாள். தாழ்வாரம் ஒரு ஓடுகூடக் குறையாமல் அப்படியே கிடந்தது. மாமியார் நாற்காலியை வாசலுக்கே கொண்டுவந்து போட்டிருந்தார். "வந்துட்டியா? உக்காரு. அவன் டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்துக்கிட்டிருக்கான்" என்றார். எந்த நாளில் வருவாள் என்று தெரியாததால், கணவன் தினமும் டீ போட்டு எடுத்துக்கொண்டு சமையலறையிலிருந்து கிளம்பியிருக்கிறான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டி, தூரத்தில் புள்ளியாகத் தெரிந்தவனைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். வெயில் சாயும் நேரத்துக்கு அவன் வந்து சேர்ந்தான். டீ ஆறிப்போயிருந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை.