ஒன்றரை மில்லி

வங்கி மேலாளரின் காரில் எஞ்சின் பெரிதாவதற்கு முன்பே எண் பெரிதாகிவிட்டது. பின்பக்க மூடியில் இருந்த ‘1.8’ஐப் பிடுங்கிவிட்டு ‘2.1’ என்று பளபளக்கும் எழுத்துகளை அவர் ஒட்டிய அன்று, எஞ்சின் இன்னும் காருக்குள்ளேயே, தனக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமல் 1.8 ஆகவே உட்கார்ந்திருந்தது.

இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையை மடக்கிவிடக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. தரையோடு தரையாகக் கிடக்கும். மற்றவர்கள் காரில் ஏறுவார்கள். மேலாளர் அதற்குள் இறங்குவார். மாலையில் வங்கி வாசலில் அவரை வெளியே எடுப்பதற்குக் காவலாளி கைகொடுப்பது வழக்கம். இருந்தாலும் தினமும் அதில்தான் வேலைக்குப் போனார்.

எல்லாவற்றுக்கும் காரணம் சகலை. மேலாளரின் மனைவிக்கு அக்கா கணவர். புதுக் கார் வாங்கிய கையோடு வீட்டுக்கு வந்தவர், சாவியைச் சாப்பாட்டு மேஜையில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டுக் கேட்டார்:

“என்னுது ரெண்டு லிட்டர், சகலை. உங்களுது எவ்வளவு?”

“ஒன்னு புள்ளி எட்டு” என்றார் மேலாளர், பிள்ளையின் கணக்கு மார்க்கைச் சொல்லும் குரலில்.

“பரவாயில்லை, பரவாயில்லை. சின்னதா இருந்தாலும் ஓடுது இல்ல?”

அந்த இரண்டு ‘பரவாயில்லை’களில் முதலாவதையாவது மேலாளர் மன்னித்திருப்பார்.

மேலாளரின் மனைவி பல் டாக்டர். யாரோ ஒருவருடைய ஆஸ்பத்திரியில், யாரோ ஒருவருடைய நாற்காலியில் நோயாளிகளைச் சாய்த்து வைத்து வேலை பார்த்து அலுத்துப்போயிருந்தார். வீட்டின் கார் ஷெட் தெருவைப் பார்த்து இருந்தது. தண்ணீர்க் குழாய் இருந்தது. வெளிச்சம் இருந்தது. அங்கே ஒரு கிளினிக் வைக்கலாம் என்று அவர் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. இப்போது அந்த ஷெட்டின் நடுவில், எஞ்சின் இரும்புத் தாங்கியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

“இது எப்பங்க முடியும்?”

“மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை ஸ்டார்ட் பண்ணிக் காட்டறேன்.”

“ஆகலைன்னா ஷெட் எனக்கு.”

“சரி. ஆயிடுச்சுன்னா?”

“அப்புறம் ஷெட்டைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்.”

ஊர் வாயையெல்லாம் திறக்கச் சொல்பவர் இப்படிச் சொன்னதும் மேலாளர் அங்கேயே கைகுலுக்கி ஒப்பந்தத்தை உறுதி செய்தார்.

வேலையை ஏற்றுக்கொண்டவர் லேத் பட்டறைக்காரர். ஊரில் அவருக்கு மைக்ரான் என்று பேர்; மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. அதைவிடப் பெரிய அளவு எதையும் அவர் ஒப்புக்கொண்டதில்லை. டீ எப்படி என்று கேட்டால் “சர்க்கரை ரெண்டு மைக்ரான் தூக்கல்” என்பார். அவர் சிலிண்டர்களைக் கடைந்து அகலமாக்கினார். பிஸ்டன் இன்னும் மேலே ஏறி, இன்னும் கீழே இறங்கும்படி அதை ஆட்டும் கிராங்க் தண்டையும் மாற்றினார். மேலாளர் கால்குலேட்டரைத் தட்டினார். இரண்டாயிரத்துத் தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு சிசி. வங்கியில் யாருக்கும் நாற்பது பைசா விட்டுக்கொடுத்தறியாத மனிதர், இங்கே புள்ளி நாலைப் பெரிய மனதோடு சேர்த்து இரண்டாயிரத்து நூறு என்று அறிவித்தார்.

பிறகு களிமண் சோதனை. குழந்தைகள் உருட்டி விளையாடும் வண்ணக் களிமண்ணைப் பிஸ்டனின் தலையில் அப்பி, மேலே வால்வுகள் இருக்கும் ஹெட்டைப் பூட்டி, எஞ்சினைக் கையால் சுற்ற வேண்டும். திரும்பக் கழற்றினால் களிமண்ணில் வால்வு பதிந்திருக்கும். பதிந்த இடத்தில் மிச்சமிருக்கும் கனம்தான், ஓடும்போது பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இடைவெளி. அது ஒரு மில்லிக்கும் குறைந்தால், வேகம் பிடித்ததும் இரண்டும் முட்டி, எஞ்சின் உள்ளுக்குள்ளேயே பொடியாகிவிடும். மிச்சம் இரண்டு மில்லிமீட்டர் இருந்தது. மேலாளர் அதை வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினார்.

மனைவி எட்டிப் பார்த்தார். “இதைத்தானேங்க நான் தினமும் பண்றேன்? மேல் தாடை, கீழ்த் தாடை.”

“அது பல்லும்மா. இது இன்ஜினியரிங்.”

“ரெண்டும் இடிச்சா உடையும்.”

இன்ஜினியரிங் அந்த வீடியோவை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துக்கொண்டது.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு அழைப்பிதழ் அச்சாகியிருந்தது: ‘எஞ்சின் உயிர்ப்பு விழா’. ஷெட்டில் வாடகை நாற்காலிகள் போட்டதில் காருக்கே இடம் நெருக்கடியானது. பானெட்டின் மேல் சிவப்பு ரிப்பன். கை நீட்டினால் கடைசி ஆளைத் தொட்டுவிடலாம். ஆனாலும் மைக் வைத்திருந்தார்கள். சகலை முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். அவர் மனைவி வந்ததிலிருந்து கேக் எப்போது வெட்டுவார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

மேலாளர் காருக்குள் இறங்கி உட்கார்ந்தபடியே மைக்கைப் பிடித்தார்.

“இன்னைக்கு இந்த எஞ்சின் முதல் தடவையா மூச்சு விடப்போகுது. ஏழாயிரம் சுற்று வரைக்கும் முறுக்கிக் காட்டப்போறேன். இதுக்குப் பின்னாடி இருக்கிற உழைப்பை நீங்க தெரிஞ்சுக்கணும். முதல்ல களிமண் வச்சுப் பார்த்தோம். ரெண்டு மில்லி இடைவெளி! அதோட விட்டோமா? விடலை. காம்ப்ரஷன், அதாவது உள்ளே காத்தை அமுக்கிற அழுத்தம், இன்னும் ஏறணும்னு, அதுக்கப்புறம் ஹெட்டோட அடிப்பக்கத்துல ஒன்றரை மில்லி தேய்ச்சு எடுத்தோம்!”

மைக்ரான் எழுந்து நின்று கைதட்டலை ஏற்றுக்கொண்டார்.

பின்வரிசையில் பிஸ்கட் தட்டோடு நின்ற பல் டாக்டர் மட்டும் தட்டவில்லை. அவர் காதில் ‘அதுக்கப்புறம்’ என்ற சொல் விழுந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. முதலில் களிமண். அதுக்கப்புறம் தேய்த்தது. ஹெட் ஒன்றரை கீழே இறங்கினால் வால்வும் ஒன்றரை கீழே இறங்கும்.

சும்மா இருந்தால் போதும். இன்னும் இரண்டு நிமிடத்தில் ஷெட் அவருடையது. நாற்காலியை ஜன்னல் ஓரம் போடுவதா, குழாய் ஓரம் போடுவதா என்றுகூட முடிவுசெய்து வைத்திருந்தார். தட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். புருஷன் மேல் உள்ள பாசம் என்றால் சமாளித்து அடக்கியிருப்பார். அதில் அவருக்கு நல்ல பழக்கம். வந்தது தொழில். அதை அடக்க முடியவில்லை.

“ஏங்க!”

சாவியைத் தொட்ட கை நின்றது.

“பல்லை அடைச்சா நீலத் தாளைக் கடிக்கச் சொல்லிப் பார்ப்போம். எங்கயாவது இடிச்சா கொஞ்சம் ராவுவோம். ராவினா மறுபடியும் கடிக்கச் சொல்லுவோம். நீங்க தேய்ச்சதுக்கு அப்புறம் மறுபடியும் களிமண் வச்சீங்களா?”

மேலாளர் மைக்ரானைப் பார்த்தார். மைக்ரான் மேலாளரைப் பார்த்தார்.

“நீங்க வச்சிருப்பீங்கன்னு நினைச்சேன் சார்.”

“யோவ், நீ வச்சிருப்பேன்னு நான் நினைச்சேன்யா!”

இதெல்லாம் மைக்கில் கேட்டது.

“ரெண்டுல ஒன்றரை போனா அரை” என்று உதவிக்கு வந்தார் சகலை. “என் வண்டியில எவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியாது சகலை. அதான் நிம்மதியா ஓட்டறேன்.”

சிரிப்பு அடங்கும்வரை மேலாளர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவியைத் திருப்பினால் மானம் தப்பும், எஞ்சின் தப்பாது. திருப்பாவிட்டால் எஞ்சின் தப்பும், சகலை இதை இன்னும் பத்து வருஷத்துக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

“தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் காரணங்களால்…” என்று வங்கிக் குரலில் ஆரம்பித்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். “மறந்துட்டோங்க. கேக் சாப்பிடுங்க.”

அவருடைய பேச்சுகளில் உண்மையான கைதட்டல் கிடைத்தது அதற்குத்தான். முதலில் தட்டியவர் சகலையின் மனைவி.

விருந்தினர்கள் போனதும் ஹெட்டைக் கழற்றினார்கள். களிமண் காய்ந்துபோயிருந்தது. பல் டாக்டர் தன் பையிலிருந்து, பல்செட்டுக்குக் கடி அளவு எடுக்கும் இளஞ்சிவப்பு மெழுகை எடுத்துச் சூடுகாட்டி, பிஸ்டன் தலையில் வாகாக ஒட்டிக்கொடுத்தார். பூட்டி, சுற்றி, கழற்றி எடுத்த மெழுகை விளக்குக்கு நேரே பிடித்தார். வால்வு பதிந்த இடத்தில் வெளிச்சம் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது.

“தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிறவங்க வாய் இப்படித்தான் இருக்கும்” என்றார்.

மைக்ரான் எட்டிப் பார்த்து, “நானூத்தி எண்பது மைக்ரான்” என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

ஹெட்டுக்கு அடியில் வைக்கும் செம்பு கேஸ்கெட்டை ஒன்றரை மில்லி கூடுதல் கனத்தில் செய்ய ஆள் தேடி, அது வந்துசேர்ந்து, மறுபடி மெழுகு வைத்துப் பார்த்து, விழா எதுவும் இல்லாத ஒரு சனிக்கிழமை எஞ்சின் ஸ்டார்ட் ஆனது. தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பிப்பதுபோல் முதலில் ஒரு கரகரப்பு; பிறகு ஷெட்டின் தகரமெல்லாம் சேர்ந்து அதிர்ந்தது. எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மேலாளர் சின்னப் பையன்போலச் சிரித்தார். மனைவிக்கும் சிரிப்பு வந்தது.

“பார்த்தியா! ஸ்டார்ட் ஆயிடுச்சு!”

“ரொம்ப சந்தோஷங்க. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமைதான் போயிடுச்சு.”

மேலாளரின் சிரிப்பு பாதியில் நின்றது. “அடிப்பாவி! அன்னைக்கு நிறுத்தினதே நீதானே?”

“நான் கேள்விதான் கேட்டேன். நிறுத்தினது நீங்க.”

மேலாளர் கடன் மனுக்களைத் திருப்பி அனுப்பியே தலை நரைத்தவர். இதில் ஓட்டை எங்கே என்று வெகுநேரம் தேடினார். கிடைக்கவில்லை.

இப்போது கார் வாசலில், தார்ப்பாயின் கீழ் நிற்கிறது. புது எஞ்சின் பழகும்வரை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும் என்பது விதி, அதனால் ‘2.1’ஐப் பால் வண்டிகள்கூட ஹாரன் அடித்துத் தாண்டிப் போகின்றன. ஷெட்டில் ஜன்னல் ஓரமாகப் புது நாற்காலி.

அதில் முதலில் சாய்ந்தவர் சகலை. கடைவாய்ப் பல். வாய் நிறையப் பஞ்சும், எச்சில் உறிஞ்சும் குழாயுமாக அவர் மல்லாந்திருந்தபோது, வாசலில் எஞ்சின் உறுமி நின்றது. மேலாளர் உள்ளே வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு அருகில் வசதியாக உட்கார்ந்தார்.

“ரெண்டாயிரத்து நூறு சிசி, சகலை. உங்களுது எவ்வளவு?”

“ஆ… ஆ…”

“பரவாயில்லை, பரவாயில்லை. சின்னதா இருந்தாலும் ஓடுது இல்ல?”

பல் டாக்டர் கணவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பஞ்சை எடுத்துவிட்டு, நீலத் தாளைச் சகலையின் பற்களுக்கு நடுவே நீட்டினார்.

“நல்லா கடிங்க, அத்தான்.”

சகலை நறநறவென்று கடித்தார்.