எதிரெதிர் நாற்காலிகள்

1

காலை ஆறு பத்துக்கு ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்தப் பக்கம் ஒரு லாரி, இந்தப் பக்கம் ஒரு லாரி. இரண்டிலும் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகள், அச்சு அசலாக ஒன்றுபோல. அந்த ஊரில் செய்தது இந்த ஊருக்கு, இந்த ஊரில் செய்தது அந்த ஊருக்கு. கதை அங்கேதான் கிடைத்தது. சிரித்தேன். (என் கார் எஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தது. இதை எடுத்துவிட நினைத்தேன். இருக்கட்டும்.)

2

முதல் தொடக்கம்: ‘போக்குவரத்துக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் கரியமில வாயுவுக்கும் உள்ள உறவானது...’

எனக்கே கொட்டாவி வந்தது.

இரண்டாவது: ‘புகை மண்டிய வானத்தின் கீழே அவள்...’

வானத்தை அடித்துவிட்டேன். அவளை வைத்துக்கொண்டேன்.

3

அவள் லாரி கம்பெனியில் வேலை பார்க்கிறாள். எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்பவள் அவள்தான். புகையைக் குறைக்க வழி சொல் என்று முதலாளி கேட்டிருக்கிறார். வழி அவளுக்குத் தெரியும்: அந்த இரண்டு லாரிகளையும் நிறுத்த வேண்டும். அந்தந்த ஊர் நாற்காலி அந்தந்த ஊரிலேயே விற்கும்.

ஒரு லாரியை ஓட்டுவது அவள் கணவன். வண்டி நின்றால் அவனுக்கு வேலை இல்லை.*

* இவர்கள் குழந்தைக்கு இருமல் வைக்கலாமா என்று யோசித்தேன். மலிவான வேலை. குழந்தை நலம்.

4

லாரி ஓடியதால் சம்பளம். சம்பளத்தில் வீட்டுக்கு நாலு நாற்காலி வாங்கினார்கள். அவையும் லாரியில்தான் வந்தன. எல்லாச் சரக்கும் ஏதோ ஓர் ஊரில் இறங்கிவிடுகிறது, புகையைத் தவிர. (இந்த வரி எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால் சந்தேகமாகவும் இருக்கிறது.)

5

முடிவு அ: அவள் வாயே திறக்கவில்லை. முடியாது. அவளை அப்படி நான் எழுதவில்லை.

முடிவு ஆ: முதலாளி மின்சார லாரி வாங்குகிறார். அவருக்கு அவ்வளவு வசதி இல்லை. கதையிலும் கட்டுப்படியாகாது.

முடிவு இ: சாயங்காலம், அதே நாற்காலிகளில் உட்கார்ந்து கணவனிடம் சொல்கிறாள். இதுவரைதான் என்னால் வர முடிந்தது. கடைசியில் அவன் கேட்பதற்கு அவள் பதிலை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

“ரெண்டு வண்டியிலயும் ஒரே நாற்காலிதாங்க போகுது.”

“தெரியுமே. அந்த வண்டி டிரைவரை கேட்ல பாத்தா கை காட்டிக்குவோம். அவன் நாற்காலிதான் வெள்ளையாம், பீத்திக்குவான்.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“அனுப்புறவ நீ. நான் ஓட்டுறவன்.”

அவள் சிரித்துவிட்டாள். பிறகு, முதலாளியிடம் சொல்லத்தான் போகிறேன் என்றாள். அவன் தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“சரி, சொல்லிடு. நாளைக்குக் காலையில என்னை எங்க அனுப்புவ?”